ஃபுளோரன்ஸிலிருந்து ஒயின் டூர் போகிறவர்கள் கவனத்துக்கு

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கும் ஆசை உங்களுக்கு இருந்தால், ஒருநாள் டூருக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2024 அக்டோபரில் என்னையும் என் கணவரையும், ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தம்பியையும் அப்பட்டமாக ஏமாற்றினார்கள்.

விளம்பரம் சொன்னது இதுதான்: காலையில் கியான்டி கிளாசிக்கோ பகுதியில் ஒரு குடும்பத் தோட்டம், ஒயின் ஊறும் நிலவறை. மதியம் மொண்டால்சினோ என்ற ஊரில், அதன் பெயர்பெற்ற சிவப்பு ஒயினான புருனெல்லோ. ஆளுக்கு 140 யூரோ, முழுத் தொகையும் முன்கூட்டியே. அறுவடை நேரம் என்பதால் பறிப்பதையும் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

வேன் ஃபுளோரன்ஸ்–சியெனா விரைவுச்சாலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே நின்றது. தகரக் கூரை போட்ட கிடங்கு. வாசலில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நின்றன. நிலவறையும் இல்லை, திராட்சைக் கொடியும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மூன்று கிளாஸ் ஊற்றினார்கள். லேபிளில் வெறும் ‘கியான்டி’ என்றுதான் இருந்தது. கியான்டி வேறு, கியான்டி கிளாசிக்கோ வேறு. கிளாசிக்கோ என்பது ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே உள்ள பழைய பகுதி மட்டும். 1716-லேயே அரச ஆணை போட்டு எல்லை வகுத்த ஊர்களிலிருந்து வளர்ந்தது. கிரேவே, ராதா, காயோலே, காஸ்தெல்லினா எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஒயினின் புட்டியில் கறுப்புச் சேவல் முத்திரை கட்டாயம் இருக்கும். எங்களுக்கு ஊற்றிய எதிலும் சேவல் இல்லை. கேட்டதற்கு, “எல்லாம் ஒன்றுதான் மேடம்” என்றார் ஊற்றியவர்.

அப்புறம் மொண்டால்சினோ. வழியில் சாலை வேலை நடக்கிறது, அங்கே போக முடியாது, அதே புருனெல்லோ இங்கேயே இருக்கிறது என்று சொல்லி ஒரு புட்டியைத் திறந்தார்கள். தம்பி அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல புருனெல்லோன்னு எங்கயும் போடலையே” என்றான். ‘ரோஸ்ஸோ தி மொண்டால்சினோ 2021’ என்று இருந்தது. இரண்டுமே முழுக்க சாஞ்சோவேசே திராட்சையில் செய்வதுதான், ஒரே ஊர்தான். ஆனால் புருனெல்லோவை மரப்பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு வைத்து, அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரி 1-க்குப் பிறகே விற்கலாம் என்பது சட்டம். 2021 அறுவடையின் புருனெல்லோ 2026-க்கு முன் கடைக்கே வர முடியாது. நாங்கள் உட்கார்ந்திருந்தது 2024-ல். ரோஸ்ஸோ நல்ல ஒயின், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விலை புருனெல்லோவைவிட நிறையக் குறைவு. அதை புருனெல்லோ என்று சொல்லி ஊற்றுவது பச்சைப் பொய்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னதும் வழிகாட்டி மேலாளரைக் கூட்டிவந்தார். அவர் நயமாகப் பேசி, உள்ளேயிருந்து உண்மையான புருனெல்லோ, 2018 அறுவடை, கழுத்தில் அசல் என்பதற்கு அடையாளமான அரசு அச்சகத்தின் எண்ணிட்ட பட்டையோடு கொண்டுவந்து காட்டினார். தம்பி அதில் 6 புட்டி வாங்கி, ஜெர்மனியில் தன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிப் பணம் கட்டினான். சில வாரம் கழித்துப் பெட்டி வந்தது. உள்ளே 3 புட்டி. பிராந்தியப் பெயர்கூட இல்லாத சாதாரண மேசை ஒயின், கழுத்தில் பட்டையும் கிடையாது. ரசீதை எடுத்துப் பார்த்தால் ‘சிவப்பு ஒயின், 6’ என்று மட்டும் இருக்கிறது, புருனெல்லோ என்ற சொல்லே இல்லை. ரசீதில் இருந்த நிறுவனத்தின் பெயரும் டூர்காரர்களின் பெயர் அல்ல. டூர்காரர்களைக் கேட்டால் கடையைக் கேளுங்கள் என்கிறார்கள், கடைக்கு எழுதினால் பதிலே இல்லை.

காசு போனதைவிட எனக்கு எரிச்சல் தந்தது வேறொன்று. டூருக்கு மறுநாள் நாங்களாகவே ஃபுளோரன்ஸில் பஸ் ஏறி கிரேவேக்குப் போனோம். சுமார் ஒரு மணி நேரப் பயணம்தான். முக்கோண வடிவச் சதுக்கம், நடுவில் கடலோடி வெர்ராசானோவின் சிலை, சுற்றிலும் தூண் வைத்த நடைபாதையில் கடைகள். அங்கே ஒரு சிறிய கடையில் ஓர் அம்மா, எங்களுக்கு இத்தாலியன் தெரியாது என்று தெரிந்தும், புட்டியைக் கையில் கொடுத்து சேவல் முத்திரையையும் கழுத்துப் பட்டையின் எண்ணையும் விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் கார்க்கைத் திறந்தார். எதையும் வாங்கச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்கள் உழைத்துச் சம்பாதித்த பெயரில்தான் அந்தக் கிடங்கு வியாபாரம் நடக்கிறது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் தோட்டத்தின் பெயரை எழுத்தில் கேளுங்கள். “ஒரு பாரம்பரியத் தோட்டம்” என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள். பெயர் கிடைத்தால் அந்தத் தோட்டத்துக்கே மின்னஞ்சல் போட்டு, இன்ன தேதியில் இந்த டூர் வருகிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலான தோட்டங்கள் முன்பதிவோடுதான் ஆட்களை விடுகின்றன, அதனால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லப்போனால் நேரடியாகவே அவர்களிடம் பதிவு செய்துகொள்வது உத்தமம். ஃபுளோரன்ஸிலிருந்து மொண்டால்சினோ சாலை வழியாக ஏறத்தாழ 2 மணி நேரம், அரை நாளில் கியான்டியையும் மொண்டால்சினோவையும் காட்டுகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். புட்டி வாங்கினால் ரசீதில் ஒயினின் முழுப் பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கார்டைக் கொடுங்கள். அனுப்பச் சொல்லாமல் கையோடு கொண்டுவாருங்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரை தீர்வை இல்லை.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அந்த ரோஸ்ஸோ லேபிளின் படம், ரசீது மூன்றையும் வைத்து கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்தோம். டூர் கட்டணத்தில் பாதி திரும்பி வந்தது. தம்பியின் 6 புட்டிப் பணத்துக்கு வங்கி இன்னும் விசாரிக்கிறது, விடுவதாக இல்லை.