பாங்காக்கில் ராத்திரி: காவ்சானா, சிலோமா, சுகும்விட்டா?

சித்தி மகன் முதல் தடவையாக பாங்காக் போகிறான். கூடப் படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து போகிறார்கள். டிக்கெட் எடுத்த கையோடு எனக்குப் போன். "அண்ணே, ராத்திரி சுத்துறதுக்கு எந்த ஏரியா சேஃப்?"

"ரெண்டு மணிக்கு ரூமுக்கு எப்படித் திரும்புவீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்ணே."

இந்தப் பதிலால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. நான் பாங்காக்குக்கு நாலு முறை போயிருக்கிறேன். மூன்று இடங்களிலும் தங்கியிருக்கிறேன், ஒரு இடத்தில் ஏமாந்தும் இருக்கிறேன். கத்தியைக் காட்டிப் பறிக்கிற ஊராக எனக்கு அது எப்போதும் தோன்றியதில்லை. அங்கே காசு போவது பில்லில், பாக்கெட்டில், திரும்பும் வண்டியில். அதிலும் வண்டிதான் பெரிய விஷயம். 2023 டிசம்பர் முதல் அனுமதி பெற்ற கேளிக்கை விடுதிகள் காலை நாலு மணி வரை திறந்திருக்கலாம் என்று அரசு விட்டுவிட்டது. ரயிலோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். நடுவில் இருக்கிற அந்த நாலு மணி நேரத்தை வைத்துத்தான் மூன்று பகுதிகளையும் எடை போட்டிருக்கிறேன்.

காவ்சான் சாலை

தாய் மொழியில் காவ் சான் என்றால் அரிசி. ஒரு காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த தெரு, நம்மூர் அரிசிக்காரத் தெரு மாதிரி. இப்போது மூட்டைக்குப் பதிலாக முதுகுப்பை. நீளம் ஏறக்குறைய 400 மீட்டர்தான். மேற்கு முனையில் சனா சோங்கிராம் காவல் நிலையம், அதற்கு எதிரே அதே பெயரில் புத்தர் கோவில். தெருவுக்குள் இருக்கும் வரை பயமே வராது. அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு ஜனம். தனியாக வந்த பெண்கள் நடுராத்திரியில் நூடுல்ஸ் தட்டோடு சாதாரணமாக நடந்து போவதைப் பார்க்கலாம்.

உள்ளே கவனிக்க வேண்டியது வாளி. குழந்தைகள் கடற்கரையில் மண் அள்ளுவார்களே, அந்த அளவு பிளாஸ்டிக் வாளி. அதில் ஐஸ், சாங்சோம் ரம், கோலா, மேலே ஒரு சின்ன பாட்டில் கிராத்திங் தேங். ரெட்புல்லுக்கு மூலமான பானம் அதுதான். நாலு ஸ்ட்ரா போட்டுத் தருவார்கள். காபியில் இருக்கிற அதே காஃபீன் இதிலும் இருப்பதால் போதை ஏறுவது தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். ரம் பாட்டிலை உங்கள் கண் முன்னால் திறந்து ஊற்றினால் சரி. முன்பே கலந்து வைத்திருந்தால் வேண்டாம். நான் பயமுறுத்தவில்லை. 2024 ஆகஸ்டில் பாங்காக்கிலேயே யாடோங் என்கிற மூலிகைச் சாராயத்தில் மெத்தனால் கலந்து உள்ளூர்க்காரர்கள் பலர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பக்கத்து நாடான லாவோசின் வாங் வியெங்கில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் அதே விஷத்தால் செத்தார்கள். மறுநாள் கண் மங்கினால் ஹேங்ஓவர் என்று போர்வையை இழுத்துக்கொண்டு படுக்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பலூனில் சிரிப்பு வாயு நிரப்பிக்கொண்டும் சிலர் சுற்றுவார்கள். அது சட்டவிரோதம், தொடவே வேண்டாம்.

காவ்சானின் பிரச்சினை தெருவை விட்டு வெளியே வரும்போது ஆரம்பிக்கிறது. பக்கத்தில் ரயில் கிடையாது. 2019-இல் திறந்த சாம் யோட் மெட்ரோ நிலையம்தான் கிட்டத்தில் இருப்பது, அதற்கும் நல்ல நடை. பிரா ஆதித் படகுத்துறை அருகில்தான், ஆனால் படகு ராத்திரிக்கு உதவாது. தெரு முனையில் நிற்கும் டுக்-டுக்காரர்களுக்கு (டுக்-டுக் என்பது அங்கத்திய ஆட்டோ) இது மனப்பாடம். மீட்டர் போட்டால் நூற்றைம்பது பாட் (தாய்லாந்து நாணயம்) அளவுக்குள் அடங்குகிற தூரத்துக்கு நானூறு கேட்பார்கள். நின்றுகொண்டிருக்கிற டாக்சிகளும் அப்படித்தான், மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணாடி மேலே ஏறிவிடும். கொஞ்சம் நடந்து ராஜதம்னோன் அகலச் சாலைக்கு வந்து, ஓடுகிற டாக்சியைக் கை காட்டி நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் ஒன்று கிடைக்கும்.

சிலோம், பாட்போங்

திரும்பும் வழியை மட்டும் பார்த்தால் சிலோம்தான் முதலில் நிற்கும். சாலா தேங் மேல்ரயில் நிலையமும் சிலோம் மெட்ரோ நிலையமும் அருகருகே. சாலை முனையில் சூலாலோங்கோர்ன் பெரிய மருத்துவமனை. பகலில் வங்கிகளும் அலுவலகங்களும் இருக்கிற பகுதி என்பதால் சந்துக்குள் அடக்கமான ஹோட்டல்கள் நிறைய. பாரிலிருந்து ரூமுக்கு நடந்தே போய்விடலாம். லும்பினி பூங்காவின் மதிலோரம் மட்டும் ராத்திரி நடக்க வேண்டாம்.

நான் ஏமாந்ததும் இங்கேதான்.

சிலோமுக்கும் சுராவோங் சாலைக்கும் நடுவில் பாட்போங் என்று இரண்டு சந்துகள். நடுவில் போலி வாட்ச், டி-ஷர்ட் விற்கிற இரவுக் கடைகள். இரண்டு பக்கமும் பார்கள். 2018-இல் நானும் கூட வேலை பார்த்த நண்பரும் கடைகளைப் பார்த்துக்கொண்டு போனபோது ஒருவர் லேமினேட் செய்த அட்டையை நீட்டினார். பீர் 100 பாட், நுழைவு இலவசம், ஷோ பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. "சும்மா ஒரு பீர்தானே" என்றார் நண்பர். குறுகலான படி, மாடியில் கதவு, உள்ளே மங்கலான சிவப்பு விளக்கு. எங்களைத் தவிர மூன்று பேர்தான் இருந்தார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எழுந்தோம், பில் வந்தது: 4,600 பாட். ஷோ கட்டணம், உட்கார்ந்த கட்டணம், நாங்கள் யாருக்கும் வாங்கியே தராத இரண்டு கோலா. அட்டையைக் காட்டு என்றால் அட்டை கீழே இருக்கிறதாம். கதவில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் செய்தது தைரியம் இல்லை, தற்செயல். 1155 என்ற சுற்றுலா காவல்துறை எண் விமான நிலைய நோட்டீசில் இருந்தது நினைவுக்கு வந்து, போனில் அதைப் போட்டு, பில்லை நீட்டிய அம்மாவுக்குத் திரையைக் காட்டினேன். ஐந்து நிமிடம் தாய் மொழியில் வசவு. பிறகு 600 என்றார். கொடுத்துவிட்டு இறங்கினோம். அன்று நண்பர் பர்சை முழுதாக வெளியே எடுத்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அன்றிலிருந்து ஆயிரம் பாட் தனியாகச் சட்டைப் பையில், மீதியும் கார்டும் பேன்ட் உள்பையில்.

அதனால் என் விதி இதுதான்: பாட்போங்கில் தரைத்தளம் மட்டும். தெருவிலிருந்து உள்ளே கண்ணுக்குத் தெரிகிற, கதவு திறந்திருக்கிற கடையில் உட்காரலாம். மாடிப்படி ஏற வேண்டாம். அட்டை நீட்டுகிறவரிடம் "மாய் ஆவ்" (வேண்டாம்) என்று ஒரு முறை சொல்லிவிட்டு நடையைக் குறைக்காமல் போய்விட வேண்டும். நின்று சிரித்து மறுப்பது நம்ம ஊர் மரியாதை. அங்கே அதைப் பேரம் ஆரம்பிக்கும் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு பக்கச் செய்தி. இதே சிலோம் சாலையில் பான் தெரு முனையில் நம்மவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை வாட் கேக் என்பார்கள். டாக்சிக்காரருக்கு ஹோட்டல் பெயர் புரியாவிட்டாலும் அந்தப் பெயர் புரியும். நான் இரண்டு முறை அதைச் சொல்லித்தான் இடம் சேர்ந்தேன்.

சுகும்விட்: நானா முதல் அசோக் வரை

நம்மவர்கள் அதிகம் ரூம் போடுவது இங்கேதான். இந்தியச் சாப்பாடு கிடைக்கும், தலைக்கு மேலே ரயில், மூன்றாம் சோயில் (சோய் என்றால் பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்து) பம்ரூங்ராட் மருத்துவமனை. நான்காம் சோயில் நானா பிளாசா, அசோக் பக்கம் சோய் கௌபாய், இரண்டும் பார்கள் நிறைந்த இடங்கள். பதினோராம் சோயில் நடனக் கிளப்புகள். ராத்திரி மூன்று மணிக்கும் ஆப்பில் வண்டி கிடைக்கும்.

பார்களில் கணக்கு பாட்போங் மாடியைவிட வெளிப்படையானது. உங்கள் மேசையில் ஒரு சின்னக் குவளை வைப்பார்கள். ஒவ்வொரு முறை ஆர்டர் வரும்போதும் சீட்டு அச்சாகி அதில் விழும். முதல் சீட்டிலிருந்தே எடுத்துப் படியுங்கள். ஆறாவது பீருக்குப் பிறகு படிப்பது வீண். கூட உட்காருகிற பெண்ணுக்கு வாங்கித் தரும் லேடி டிரிங்க் தனி விலை, அதுவும் அதே குவளையில்தான் சேரும். அப்புறம் அந்த மணி. பல பார்களில் கவுன்டருக்கு மேல் கயிறோடு ஒரு வெண்கல மணி தொங்கும். கோவில் மணி பழக்கத்தில் நம்ம பையன்கள் கை தானாக மேலே போகும். அடித்தால் உள்ளே இருக்கிற எல்லோருக்கும் ஒரு சுற்று நீங்கள் வாங்கித் தருகிறீர்கள் என்று அர்த்தம்.

சுகும்விட்டின் பலவீனம் நடைபாதை. குறுகலாக இருக்கும், போதாக்குறைக்கு பைக் டாக்சியும் அதில் ஏறி வரும். நள்ளிரவுக்குப் பிறகு யாராவது சிரித்தபடி வந்து தோளில் கைபோட்டால், கட்டிப்பிடித்தால், அது அன்பு இல்லை. ஒரு கை கழுத்தில் இருக்கும்போது இன்னொன்று பையில் இருக்கும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டிருந்தால் இன்னும் மோசம். பட்டாயாவில் இந்தியப் பயணிகள் இப்படிச் சங்கிலியைப் பறிகொடுத்த செய்திகள் திரும்பத் திரும்ப வந்தவை. சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அம்மா திட்டினால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மின்சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம். தெருவில் விற்கிறார்களே என்ற வாதம் காவலரிடம் எடுபடாது. கஞ்சாவை 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கிவிட்டார்கள். கடைப் பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் கஞ்சா உட்கொண்டாலே ஊரில் குற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

தோங்லோர், எக்கமாய் பக்கம் பெரிய கிளப்புகளுக்குப் போவதானால் வயது 20 ஆகியிருக்க வேண்டும், வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். உள்ளே போனதும் வெளியேறும் வழி எங்கே என்று ஒரு தடவை பார்த்துவிட்டு உட்காருங்கள். 2009 புத்தாண்டு இரவு எக்கமாயில் சாந்திகா கிளப் தீப்பிடித்ததில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிக்பாக்கெட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம் இதை யோசிப்பதே இல்லை.

குடிக்கிற பழக்கமே இல்லை, அல்லது குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் இந்த மூன்றும் தேவையில்லை. சைனா டவுனில் யாவராட் சாலை போதும். வாட் மாங்கோன் மெட்ரோவில் இறங்கினால் சாப்பாட்டுக் கடைகள்தான். நடைபாதையைத் தள்ளுவண்டிகள் பிடித்துக்கொள்வதால் கார்களுக்கு நடுவில் நடக்க வேண்டியிருக்கும், குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

திரும்பும் வண்டி

பன்னிரண்டுக்கு முன்னால் என்றால் ரயில், வேறு பேச்சே இல்லை. அதற்குப் பிறகு கிராப் அல்லது போல்ட் ஆப்பில் வண்டி. மழை நேரத்தில் கட்டணம் கூடும், ஆனால் வண்டி எண்ணும் தொகையும் போனில் இருக்கும். ஓடுகிற மீட்டர் டாக்சி அதைவிட மலிவு, ஆரம்பக் கட்டணம் 35 பாட், பெரிய வண்டிக்கு 40. டுக்-டுக்கை ஒரு தடவை ஆசைக்கு ஏறுங்கள், சாயங்காலம். ஆரஞ்சுச் சட்டை போட்ட பைக் டாக்சி பகல் நெரிசலுக்கு அருமையான ஏற்பாடு. குடித்துவிட்டு அதில் ஏறுவதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பயப்படுகிறேன். ஹெல்மெட் பெரும்பாலும் உங்கள் தலைக்கு இருக்காது, போதையில் நடந்த விபத்துக்குப் பல பயணக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. போனில் 1155-உம் ஆம்புலன்சுக்கான 1669-உம் இருக்கட்டும்.

சித்தி மகனுக்கு நான் சொன்னது: ரூம் சிலோம் சந்தில் போடு, முதல் ராத்திரி அங்கேயே நடந்து சுற்று, மறுநாள் சுகும்விட் போ, கடைசி ரயிலில் திரும்பு. காவ்சான் வேண்டுமென்றால் சாயங்காலமே போய்ப் பதினோரு மணிக்குக் கிளம்பு. தலையாட்டினான்.

இரண்டாம் நாள் இந்திய நேரம் ஒரு மணிக்கு மெசேஜ் வந்தது. அங்கே இரண்டரை. "அண்ணே காவ்சான்ல இருக்கோம். டுக்-டுக் 500 கேக்குறான். என்ன செய்ய?"

ராஜதம்னோன் சாலைக்கு நடக்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பதில் இல்லை, எனக்குத் தூக்கமும் இல்லை. அப்புறம் ஒரு போட்டோ வந்தது, மங்கலாக ஒரு மீட்டர், 97 என்று. கீழே ஒரு வரி: "ஹோட்டல் பேரு டிரைவருக்குப் புரியலண்ணே. வாட் கேக்னு சொன்னோம், கோயில் வாசல்ல இறக்கி விட்டுட்டார். கோபுரம் சூப்பரா இருக்கு. நடந்து போறோம்."