கிட்டா, பிரெட்போர்டா, சிமுலேஷனா: இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் லேபுக்கு எதை வாங்குவது?

எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) மாணவர்களின் சர்க்யூட்ஸ் லேபைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கினார்கள். என்ன வாங்கலாம் என்று எழுதிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. மூன்று வழிகள் இருந்தன. பழைய ட்ரெய்னர் கிட்டுகளைத் தூக்கிவிட்டுப் புதிய கிட்டுகள் வாங்கலாம். பிரெட்போர்டும் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) உதிரி பாகங்களும் வாங்கி, மாணவர்களையே சர்க்யூட் போடச் சொல்லலாம். இரண்டும் வேண்டாம் என்றால் கம்ப்யூட்டர் வாங்கி, சர்க்யூட்டை மென்பொருளிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் முடித்துக்கொள்ளலாம். நான் பிரெட்போர்டைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு செமஸ்டர் ஓடிவிட்டது. இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

கிட் என்றால் என்ன என்று இசிஇ படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் மேல்தகட்டில் சர்க்யூட் படம் அச்சிட்டிருக்கும். உண்மையான பாகங்கள் தகட்டுக்கு அடியில் இருக்கும். பேட்ச் கார்டை (இணைப்பு ஒயரை) எடுத்து ஒன்றிலிருந்து மூன்றுக்கும், நான்கிலிருந்து ஏழுக்கும் செருகினால் சிஆர்ஓவில் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) அலை வந்துவிடும். இதன் நல்ல பக்கங்கள் வெளிப்படையானவை. நேரம் மிச்சம், மேசை சுத்தமாக இருக்கும், பாடத்திட்டத்தில் உள்ள அத்தனை பரிசோதனைகளும் செமஸ்டருக்குள் முடிந்துவிடும். ஆய்வுக்கு வருபவர்களுக்கும் வரிசையாக அடுக்கிய கிட்டுகளைப் பார்த்தால் திருப்தி. விலை மட்டும் கூடுதல். ஒரு கிட்டின் விலையில் பல மேசைகளுக்கு பிரெட்போர்டும் பாகங்களும் வாங்கிவிடலாம். ஆனால் நான் முடிவெடுத்தது விலையைப் பார்த்து இல்லை.

பழுதானால் என்ன ஆகும் என்ற கேள்விதான் என்னை முடிவெடுக்க வைத்தது.

எங்கள் லேபில் ஒரு இரும்பு பீரோ உண்டு. அதில் பத்து கிட்டுகள் செத்துக் கிடந்தன. ஒன்றில் சாக்கெட் உள்ளே போய்விட்டது, இன்னொன்றில் பவர் விளக்கே எரியவில்லை, மற்றவற்றில் என்ன கோளாறு என்று யாருக்கும் தெரியாது. சர்வீஸுக்கு ஆள் வரச்சொல்லி எழுதினால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். சில மாடல்களுக்கு அதை விற்றவரிடமே சர்க்யூட் படம் கிடைக்கவில்லை. நாமே திறந்து பார்க்கலாமே என்றால், அது ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய கருவி. வருடா வருடம் எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டிய பொருள். ஸ்க்ரூவைக் கழற்றியது யார் என்ற கேள்வி வரும். அதனால் லேப் அசிஸ்டென்ட் தொடமாட்டார், நானும் தொடவில்லை, மாணவர்களிடம் முதல் நாளே "எதையும் கண்டபடி செருகாதீங்க" என்று சொல்லிவிடுவோம். நானே பல வருடம் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். தப்பு செய்யக் கூடாத இடத்தில் ஒரு பையன் என்ன கற்றுக்கொள்வான்? மேனுவலில் இருக்கும் எண்களைப் பார்த்துச் செருகக் கற்றுக்கொள்வான்.

பிரெட்போர்டில் கதை தலைகீழ். பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்று எரிந்துபோனால் நஷ்டம் சில ரூபாய். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைத் திருப்பிப் போட்டு அது உப்பிக்கொண்டால், அந்த மேசையில் இருப்பவர்கள் வாழ்நாளுக்கும் துருவம் பார்க்காமல் கெப்பாசிட்டர் போடமாட்டார்கள். (கண்ணுக்குப் பக்கத்தில் வெடிக்கக் கூடாது. அதனால் குனிந்து பார்த்துக்கொண்டே சப்ளை போடக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பான விதியாக வைத்திருக்கிறேன்.) இவையெல்லாம் கன்சூமபிள் கணக்கில் வருபவை, தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மதியம் சுற்றினால் செமஸ்டருக்கு வேண்டியது முழுக்கக் கிடைத்துவிடும்.

இந்த வித்தியாசம் வெறும் அலுவலகக் கணக்கு மாதிரித் தெரியலாம். ஆனால் பிள்ளைகளின் கை எந்த அளவுக்குத் துணிந்து நீள்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மாணவிகள் ஆம்ப்ளிஃபயர் போட்டிருந்தார்கள். எல்லா இணைப்பும் சரி, அவுட்புட் மட்டும் இல்லை. டிரான்சிஸ்டரை மாற்றிப் பார்த்தார்கள். ரெசிஸ்டர்களின் நிறங்களை மறுபடி படித்தார்கள். அரை மணி நேரம் போயிற்று. நான் பக்கத்தில் நின்றேன், சொல்லவில்லை. அப்புறம் ஒருத்தி மல்டிமீட்டரை எடுத்து சப்ளை முனையில் வைத்தாள்: 12 வோல்ட். டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் வைத்தாள்: பூஜ்ஜியம். "அப்போ நடுவுல எங்கயோ நிக்குதுடி" என்றாள் இன்னொருத்தி. போர்டின் ஓரத்துச் சிவப்புக் கோட்டில் ஒவ்வொரு துளையாகத் தொட்டுக்கொண்டே வந்தார்கள். பாதி வரை 12, அதற்கு அடுத்த துளையில் பூஜ்ஜியம். 830 துளை உள்ள பெரிய போர்டுகள் சிலவற்றில் ஓரத்து சப்ளை வரிசை நடுவில் அறுந்திருக்கும், சிவப்புக் கோடும் அந்த இடத்தில் விட்டிருக்கும். ஒரு துண்டு கம்பியைப் பாலமாகப் போட்டதும் சிஆர்ஓவில் சைன் அலை எழுந்தது. அன்றைக்கு அவர்கள் ரீடிங் எடுத்து முடிக்கவில்லை, அடுத்த வாரம்தான் முடித்தார்கள். ஆனால் சப்ளையிலிருந்து படிப்படியாக வோல்டேஜைப் பின்தொடர்ந்து போவது என்ற முறையை யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தார்கள். கிட்டில் அந்தப் பழுது வந்திருந்தால் "சார், கிட் ஒர்க் ஆகல" என்பதோடு முடிந்திருக்கும். நானும் வேறு மேசைக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

பராமரிப்பை நான் மாணவர்களிடமே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு வாரமும் ஒரு ஜோடிக்கு அந்தப் பொறுப்பு. லேப் முடிந்ததும் டிரான்சிஸ்டர்களை மல்டிமீட்டரில் சோதித்துச் செத்ததைப் பிரிப்பது, ரெசிஸ்டர்களை மதிப்பு வாரியாக டப்பாவில் போடுவது, பிடி தளர்ந்த பிரெட்போர்டில் குறி போடுவது. இருபது நிமிட வேலை. ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்றாவது சுற்றில் நிறத்தைப் பார்த்தவுடன் 4.7 கிலோ ஓம் என்று சொல்கிற பிள்ளைகளைப் பார்த்தேன். ரெக்கார்டில் பத்துத் தடவை எழுதவைத்தும் வராதது அது.

சேர்ந்து வேலை செய்வது என்ற விஷயத்துக்கு வருகிறேன். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்க வழிசெய்யும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014ல் நிரந்தர உறுப்பினர் ஆனது. இங்கே பொறியியல் படிப்புகளை மதிப்பிடும் தேசிய வாரியமான என்பிஏவின் அங்கீகாரத்துக்கு நாம் நிரப்பும் பட்டியலில் தனியாகவும் குழுவாகவும் வேலை செய்யும் திறன் தனி இலக்காகவே இருக்கிறது. மூன்று பேர் ஒரு கிட் முன்னால் உட்கார்ந்தால் அதைக் குழு வேலை என்று நாம் எழுதிவிடுகிறோம். உண்மையில் ஒருவர் செருகுவார், ஒருவர் அப்சர்வேஷன் நோட்டில் எழுதுவார், மூன்றாமவர் வேடிக்கை பார்ப்பார். ஆளை மாற்றி உட்காரவைத்தாலும் இதுவேதான் நடக்கும், ஏனென்றால் அங்கே இருப்பது ஒரு ஆள் வேலை.

சர்க்யூட்டே இரண்டு பேரைக் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். நான் கொடுப்பது இரண்டு கட்ட ஆம்ப்ளிஃபயர். ஆளுக்கு ஒரு போர்டு, ஆளுக்கு ஒரு கட்டம். கலெக்டரில் 4.7 கிலோ ஓம், பயாஸுக்கு (டிரான்சிஸ்டரைச் சரியான நிலையில் வைக்க) 47 கிலோவும் 10 கிலோவும், தனித்தனியே சுமார் 40 மடங்கு பெருக்கம் வருகிற மாதிரி. இருவருக்கும் தனியாக வேலை செய்துவிடும், முகத்தில் சந்தோஷம். இப்போது இரண்டையும் இணைக்கச் சொல்வேன். 40 பெருக்கல் 40, 1600 வரும் என்று எழுதிவைத்திருப்பார்கள். சிஆர்ஓவில் 900 பக்கம்தான் காட்டும். உடனே சண்டை தொடங்கும். "உன் ஸ்டேஜ்தான் தப்பு", "இல்ல, உன்னோடதுதான்". இரண்டையும் பிரித்தால் இரண்டும் சரி, சேர்த்தால் குறைகிறது. முதல் கட்டத்தின் வெளியீட்டு மின்தடை கிட்டத்தட்ட 4.7 கிலோ ஓம். இரண்டாவது கட்டத்தின் உள்ளீட்டு மின்தடை சுமார் 6 கிலோ ஓம்தான். அது முதல் கட்டத்தின் வோல்டேஜை இழுத்து இறக்கிவிடுகிறது. லோடிங் என்று தியரி வகுப்பில் நடத்தியதுதான். ஆனால் அங்கே அது ஒரு சூத்திரம். இங்கே, தான் போட்டது அடுத்தவன் போட்டதைப் பாதிக்கிறது என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கிட்டில் இரண்டு கட்டமும் தகட்டுக்கு அடியில் ஏற்கனவே இணைந்திருக்கும், சண்டை போட வாய்ப்பே இல்லை.

மார்க் எப்படிப் போடுவது என்று கேட்பார்கள். குழுவாகச் செய்ததற்குக் குழுவாக மார்க். அதோடு செமஸ்டருக்கு இரண்டு முறை, ஓடிக்கொண்டிருக்கும் அவர்கள் சர்க்யூட்டிலேயே ஒரு கோளாறை நான் செய்துவைப்பேன். எமிட்டர் கெப்பாசிட்டரை உருவிவிடுவேன், அல்லது பிசி 547 இருந்த இடத்தில் 2என் 3904 என்ற வேறு டிரான்சிஸ்டரை வைப்பேன், இரண்டுக்கும் கால்களின் வரிசை தலைகீழ். ஆளுக்குப் பத்து நிமிடம், தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். நண்பன் முதுகில் சவாரி செய்தவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். வைவா என்ற வாய்மொழித் தேர்வைவிட இதை நான் நம்புகிறேன்.

சிமுலேஷனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்டி ஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசம். ஐஐடி பம்பாயின் ஃபாஸி குழு தரும் இ-சிம் திறந்த மூல மென்பொருள். வீட்டிலிருந்தே செய்யலாம், எதுவும் எரியாது, ரெசிஸ்டர் மதிப்பை மாற்றி மாற்றிப் பார்க்க அதைவிட வசதி கிடையாது. 2020ல் கொரோனா காலத்தில் அது இல்லாவிட்டால் லேபே நடந்திருக்காது. ஆனால் அந்த பேட்ச் கல்லூரிக்குத் திரும்பி வந்தபோது, அழகான பிரீக்வென்சி ரெஸ்பான்ஸ் வரைந்திருந்த பிள்ளைகள் கையில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு எது பேஸ் கால் என்று கேட்டார்கள். இன்னொன்றும் உண்டு. பிசி 547இன் பெருக்கக் காரணி 110இலிருந்து 800 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. நிஜப் பாகங்களில் மேசைக்கு மேசை அளவு மாறும், ஏன் மாறுகிறது என்று பேசலாம். சிமுலேஷனில் நாமாகப் போய் மாற்றாவிட்டால் அறுபது பேருக்கும் ஒரே டிரான்சிஸ்டர், ஒரே விடை. ஒருவர் செய்தால் மற்றவர்களுக்கு ஃபைல் போய்விடும். அதனால் சிமுலேஷனை முந்தின நாள் வீட்டுவேலையாக வைத்திருக்கிறேன். என்ன வரும் என்று கணித்துக்கொண்டு வரவேண்டும், லேபில் வந்தது ஏன் வேறாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பிரெட்போர்டின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். நேரம் உண்மையிலேயே அதிகம் தின்னும். முதல் செமஸ்டரில் பரிசோதனைகளை முடிக்க சனிக்கிழமைகளில் லேபைத் திறக்க வேண்டியதாயிற்று. வரிசைகளுக்கு இடையே சில பிக்கோ ஃபேரட் கெப்பாசிட்டன்ஸ் தானாகவே இருப்பதால் உயர் அதிர்வெண் சர்க்யூட்டுகளுக்கு அது தோதுப்படாது. பவர் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் 230 வோல்ட்டை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு கூடவே கூடாது, அங்கே மூடிய கிட்தான் சரி. என் அனுபவமும் ஒரே துறை, ஒரே லேப், பேட்சுக்கு முப்பது பேர் என்ற அளவில்தான். அறுபது பேரை ஒரே நேரத்தில் ஒரு ஆசிரியர் பார்க்கும் இடத்தில் நான் சொல்வது அப்படியே ஓடும் என்று உறுதி தரமாட்டேன். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014ல் அமெரிக்காவில் ஒரு அலசல் வெளியானது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றிருந்தார்கள். மாணவர்களை ஏதாவது செய்யவைத்த வகுப்புகளில் அது 21.8 சதவீதம். எங்கள் ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவர்) இதைக் காட்டித்தான் ஒப்புதல் வாங்கினேன். ஆனால் அது பொதுவாகச் செய்து கற்பதைப் பற்றியது. கிட்டையும் பிரெட்போர்டையும் ஒப்பிட்ட முடிவு இல்லை என்பதை அவரிடமும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

இன்றைக்கு மறுபடி பட்டியல் எழுதச் சொன்னால் ஜோடிக்கு இரண்டு நல்ல பிரெட்போர்டு, ஒரு மல்டிமீட்டர், பாகங்களுக்கு வருடாந்தர ஒதுக்கீடு என்றுதான் தொடங்குவேன். போர்டில் மட்டும் மலிவானதைத் தேடக் கூடாது. இரண்டு செமஸ்டரில் துளை தளர்ந்துவிடும், அப்புறம் பழுது எது, தவறு எது என்று நமக்கே தெரியாமல் போகும். மீதிப் பணத்தை சிஆர்ஓவுக்கும், சோதனைக்கு அலை தரும் ஃபங்ஷன் ஜெனரேட்டருக்கும் போடுவேன்.

அந்த பீரோவில் இருந்த பத்து கிட்டுகளையும் போன வருடம் ஸ்டாக்கிலிருந்து நீக்கினார்கள். பழைய இரும்புக்குப் போகும் முன் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றுங்கள் என்றேன். இரண்டில் 7812 ரெகுலேட்டர் (12 வோல்ட்டை நிலையாகத் தரும் பாகம்) போயிருந்தது. இரண்டில் சாக்கெட்டின் பின்னால் சால்டர் விட்டிருந்தது, அவ்வளவுதான். நான்கும் இப்போது ஓடுகின்றன. மூடி இல்லாமல் திறந்தபடியே ஓர மேசையில் வைத்திருக்கிறோம்.