செட்டிநாட்டில் பேச்சு ஆங்கிலம்: எதை வைத்துப் பழகுவது?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பேச்சு ஆங்கிலம் தேடுகிற பலருக்கு மதிப்பெண் தேவையில்லை. பழைய வீட்டு ஓட்டலில் பரிமாறுகிறவருக்கும், பழம்பொருள் விற்கிறவருக்கும், ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் வண்ணக் கல் செய்கிறவருக்கும், எதிரே நிற்பவர் கேட்பது காதில் விழ வேண்டும். பதில் வாயில் வர வேண்டும். பாடப்பொருளை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

‘முப்பது நாளில்’ வகைப் புத்தகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. கோளாறு உச்சரிப்பில். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டிருப்பார்கள். ‘பேக்’ என்று எழுதினால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? ‘கோட்’ என்றால் மேலங்கியா, ஆடா? எல்லாவற்றையும் ஒரே மாதிரி சொல்லிப் பழகிய வாயைத் திருத்துவது பெரும்பாடு. பொருள் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பாடநூலை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். ஆனால் அது வாசிக்க எழுதியது. பேச்சுக்கு அதில் இடம் கொஞ்சம்தான்.

கேட்டுப் பழக இரண்டு இலவச வழிகள் உண்டு, இரண்டிலும் ஒலியோடு எழுத்து வடிவமும் கிடைக்கும். பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ ஆறு நிமிடம், இரண்டு பேர் இயல்பாகப் பேசுவார்கள். அது ஓரளவு தெரிந்தவர்களுக்கானது. புதிதாகத் தொடங்குகிறவர் முதல் நிமிடத்திலேயே சோர்ந்துபோவார். அவருக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன் இங்கிலீஷ்’ தளம்தான் சரி. ஏ1, ஏ2 என்று படிப்படியாகப் பிரித்து, பயிற்சிகளோடு சிறு உரையாடல்களைத் தருகிறார்கள். எதை எடுத்தாலும் நாற்பது நொடிக்கு மேல் வேண்டாம். எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள், பிறகு எழுத்தோடு ஒரு முறை, அப்புறம் கூடவே சொல்லிப் பாருங்கள். முதலிலேயே எழுத்தைத் திறந்தால் கண்தான் வேலை செய்யும், காது பழகாது.

இவை எதிலும் ஆத்தங்குடிக் கல் வராது. அதனால் ஐந்தாவது வழி, உள்ளூரிலேயே தயாரிக்கும் ஒலிப்பதிவு, எங்கள் கணக்கில் முதலிடம் பெறுகிறது. பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: சூளையில் சுட்டதா, இந்தப் பளபளப்பு எப்படி வந்தது, ஒரு கல்லுக்கு எவ்வளவு நேரம்? சுடுவதில்லை, கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறோம், அந்த வழுவழுப்பு கல்லில் இறங்குகிறது என்பதை மூன்று சின்ன வாக்கியங்களில் சொல்லிவிடலாம். இப்படிப் பன்னிரண்டு கேள்வி-பதில் போதும். சரளமாகப் பேசுகிற ஒருவரைக் கொண்டு செல்போனில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கேள்விக்குப் பின் நான்கு நொடி இடைவெளி விடுங்கள், கேட்பவர் அதில் பதில் சொல்ல வேண்டும்.

கெடுவது இரண்டு இடத்தில். தமிழில் எழுதி மொழிபெயர்த்தால் ‘யூ ஆர் கமிங் ஃப்ரம் விச் ப்ளேஸ்’ என்று வந்து நிற்கும். வந்தவர் வாயில் வந்த கேள்வியையே குறித்துக்கொள்ளுங்கள். தாளைப் பார்த்துப் பதிந்தால் சொற்கள் தனித்தனியாக விழும். நேரில் ‘ஹவ் லாங் டஸ் இட் டேக்’ என்று யாரும் நிறுத்திக் கேட்பதில்லை, ‘ஹவ்லாங் டஸிட்டேக்’ என்றுதான் ஓடும். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி பதியுங்கள்.