அம்பாசடருக்கு பி.யு. சீலன்ட்: நாலு மழைக்காலம் பார்த்த பிறகு

தேவகோட்டை நண்பர் ஒருவர் பிரீமியர் பத்மினியைப் பிரித்துப் போட்டிருக்கிறார். "அண்ணே, பாடி ஜாயின்ட்டுக்கு எதை வைக்கலாம்?" என்று போன வாரம் கேட்டார். என் அம்பாசடரில் டிரைவர் கதவுக்கு மேலே, கூரை ஓரக் காடியில், அதாவது மழைத்தண்ணீர் வழியும் பள்ளத்தில், இடைவெளியை அடைக்கும் சீலன்ட் மூன்றாவது தடவையாகத் தூக்கிக்கொண்டு நிற்பதை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். போனில் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

வண்டி மார்க் 2, ஐயா வாங்கியது. நாலு வருடத்துக்கு முன் காரைக்குடியில் டிங்கரிங் முடித்து, துருவெல்லாம் சுரண்டி, எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அதன் மேல் எதையும் கலக்கத் தேவையில்லாத ஒற்றைக் கலவை பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் வைத்து, பிறகு பெயின்ட் அடித்தோம். இந்த வரிசை மாறக்கூடாது. வெறும் தகரத்தில் சீலன்ட் வைத்தால் அதற்கு அடியிலேயே துரு ஓடும். பெயின்ட் அடிக்காமல் விட்டால் பி.யு. வெயிலில் மஞ்சளாகி வெடிக்கும்.

தரைத் தகடு, சக்கர வளைவு, டிக்கி மூலை எல்லாம் இன்றுவரை கல் மாதிரி நிற்கின்றன. கல் என்பது தப்பு, ரப்பர் மாதிரி. பழைய வண்டியின் தகடு குழியில் இறங்கி ஏறும்போது முறுக்கும். பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்த இணைப்பு அதில் கீறிவிடும், கீறலில் தண்ணீர் போய் உட்காரும். பி.யு. கூடவே வளைந்து கொடுக்கிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் புழுதி விஷயத்தில். கானாடுகாத்தான் பக்கம் போய் வந்தால் டிக்கியில் வைத்த வெள்ளை வேட்டி செம்மண் நிறத்தில் வெளியே வரும். இப்போது வைத்தபடி வருகிறது. மழைக்காகச் செய்த வேலை வருடத்தில் மற்ற ஒன்பது மாதமும் பலன் தருகிறது. தரையில் இருந்து வந்த இரைச்சலும் குறைந்திருக்கிறது.

ஒரு குறை: காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இது இறுகும். 310 மில்லி குழாயைத் திறந்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை மூடி வைத்தால் குழாயின் மூக்கிலேயே கட்டியாகிவிடும். நான் இரண்டு குழாயைத் தூக்கிப் போட்டேன். கனமாக வைத்தால் உள்ளே இறுக நாள் ஆகும், பொறுக்க வேண்டும். மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் உள்ள சரக்கு, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். வைத்த உடனே ஸ்பிரிட் துணியால் துடைத்து வழவழப்பாக்கப் பார்க்காதீர்கள். ஆல்கஹால் பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும்.

இனி அந்தக் காடி. எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் பாத்ரூமுக்குப் போடும் சிலிக்கானை அதில் நிரப்பிவிட்டுப் போயிருந்தார். புளித்த வாடை அடிக்கும் அந்த வகை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், வெறும் இரும்பை அரிக்கும். அதைவிடக் கொடுமை, அதன் படலம் தகட்டை விட்டுப் போகாது. அதன் மேல் பெயின்ட் குழி குழியாக விலகும், பி.யு. பிடிக்காது. நாங்களும் ஒரு தப்பு செய்தோம். பிளாஸ்டிக் பிளேடால் வழித்து, சிலிக்கான் ரிமூவர் போட்டு, ஒவ்வொரு தடவையும் புதுத்துணியால் துடைத்த பிறகுதான் எமரித்தாளைத் தொட்டிருக்க வேண்டும். முதலிலேயே எமரி போட்டு சிலிக்கானைக் கீறலுக்குள் தேய்த்துவிட்டோம். நாலு வருடமாக அந்த ஒன்றரை அடிக்குத்தான் என் உயிர் போகிறது.

நண்பருக்கு இன்னொன்று: கதவின் அடி ஓட்டைகளை அடைக்காதீர்கள். கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழை அதில்தான் வெளியேற வேண்டும். நம் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் உள்ளேதான் விழுகிறது, போக வழி இருப்பதால் வீடு நூறு வருடம் நிற்கிறது. என் வண்டியில் அந்த ஓட்டைகளையும் பட்டியால் பூசியிருந்தார்கள், கதவின் அடித்தகடு அப்பளமாகிவிட்டது. பின் விளக்கு அடிப்பாகம் மாதிரி போல்ட் கழற்றி மாட்டும் இடங்களுக்கு பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை போதும். அது இறுகவே இறுகாது, கழற்றும்போது பெயின்ட்டும் உரியாது.

பத்மினிக்கு பி.யு.வே வையுங்கள். என் காடியில் இனி பி.யு. கிடையாது, எம்.எஸ். பாலிமர் என்ற வேறு வகை சீலன்ட்தான். அதுவும் சிலிக்கான் படலத்தின் மேல் பிடிக்காது, தப்பு பி.யு. மேல் இல்லை, எல்லாம் தெரியும். நாலாவது தடவை அதே குழாயைக் கையில் எடுக்க மனசு வரவில்லை. பெயின்ட்டோடு அந்த ஒன்றரை அடியையும் தகரம் தெரியச் சுரண்டப் போகிறோம். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.