ஏற்காடு ஹோம்ஸ்டே: பாப்பாவோட முதல் ராத்திரி

லேக்குக்கு கொஞ்சம் தள்ளி இருக்கற சின்ன ஹோம்ஸ்டே, என்ன மாதிரி அப்பாக்களுக்காகத்தான் எழுதறேன். எம்பொண்ணுக்கு நாலு வயசு, கேஸ் ஃபேமிலி கோர்ட்ல நடக்குது. 1956-ல வந்த இந்து மைனர் கார்டியன்ஷிப் சட்டப்படி அஞ்சு வயசு முடியற வரைக்கும் குழந்த சாதாரணமா அம்மாகிட்டதான், அதுக்காக அப்பனுக்கு ஒண்ணுமே கெடையாதுன்னு இல்ல, ஞாயித்துக்கெழம ரெண்டு மணிநேரம் மட்டுமே பாத்துட்டு இருந்த எனக்கு இப்பதான் மாசம் ஒரு ராத்திரி கூட வச்சுக்கலாம்னு ஆர்டர் கெடச்சுது.

சேலத்துல இருந்து ஏறுனா 20 கொண்டை ஊசி வளைவு, பாதியிலயே வாந்தி எடுத்துட்டா. எறங்குன உடனே வீட்டுக்கார அக்கா சுடுதண்ணி வச்சுக் குடுத்து கவுனையும் அலசிப் போட்டாங்க, அம்மா வரலயான்னு ஒரு வார்த்த கேக்கல, அதுக்கே அவங்களுக்கு கோடி நன்றி.

சாயங்காலம் லேடீஸ் சீட்ங்கற வியூ பாயிண்ட்ல இருந்து கீழ சேலம் லைட்டெல்லாம் பாத்துட்டு "அப்பா, நம்ம வீடு எது?"ன்னா. அம்மா வீடு அந்தப் பக்கம், அப்பா வீடு இந்தப் பக்கம்னு காட்டுனேன்.

ராத்திரி பத்து மணிக்கு அம்மா வேணும்னு ஒரே அழுக, போன் போட்டுக் குடுத்தேன், அவங்களும் பொறுமையா பேசுனாங்க, அப்புறம் என் சட்டக் காலர புடிச்சுகிட்டே தூங்கிட்டா.

கொறன்னா கட்டிலுக்கு தடுப்பு இல்ல, சுவத்தோரமா தள்ளிப் போட்டு தலாணி வச்சுக்கணும். கம்பளி குடுக்கறாங்க, ஆனா குழந்தையோட பழைய போர்வைய மறக்காம எடுத்துட்டுப் போங்க, வாசன தெரிஞ்சாதான் தூங்கும். அடுத்த மாசத்துக்கும் ரூம் சொல்லிட்டு வந்துட்டேன்.