அம்பாசடர் ஹெட் வேலை: 'டிக்' சத்தத்தை நம்பி ஏமாந்தேன்

அப்பா வாங்கிய 1986 மாடல் மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல் வண்டி, எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. போன சித்திரையில் மதுரையிலிருந்து விருதுநகர் போகும்போது திருமங்கலம் தாண்டியதும் ஹீட் முள் ஏறிவிட்டது. ரேடியேட்டரில் குமிழி கிளம்பியது. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது.

நண்பர் சொன்னார் என்று ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். அங்கே விட ஒரே காரணம், சுவரில் டார்க் ரெஞ்ச் (வைத்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர்) தொங்கியதுதான். ஸ்பேனரில் பைப்பைச் சொருகி முறுக்குகிற ஆட்களைப் பார்த்துப் பயந்தவனுக்கு அது போதும். ஹெட் பேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது), புது கேஸ்கெட், புது ஸ்டட் செட் (பிளாக்கில் நின்று ஹெட்டைப் பிடிக்கிற மரைக் கம்பிகள்), கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய் என்றார். சரி என்றேன்.

ஹெட் மாட்டுகிற அன்று அவரே போன் செய்தார். "வாங்க சார், கண்ணால பாத்துக்குங்க." போனேன். 11 நட்டையும் ஒவ்வொன்றாக முறுக்கினார், ஒவ்வொன்றுக்கும் 'டிக்' என்று சத்தம் வந்தது. நான் அதை வீடியோ வேறு எடுத்தேன். இன்னும் அழிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

300 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. தண்ணீர் தினமும் குறைந்தது. ஒருநாள் காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது. ஒர்க் ஷாப்காரரிடம் கேட்டால், "நீங்க தண்ணி பாக்காம ஓட்டிருப்பீங்க சார். டார்க் வச்சதத்தான் நீங்களே பாத்தீங்களே" என்றார். என் வீடியோவை எனக்கே சாட்சியாகத் திருப்பிவிட்டார்.

அப்புறம்தான் அரசு பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் போனேன். முதலில் தண்ணீரை முழுவதும் இறக்கினார். "தண்ணி இருக்கும்போது நட்டைத் தொட்டா மிச்சமும் ஆயிலுக்குள்ள போயிரும், தம்பி." இந்த எஞ்சினில் வால்வைத் திறக்கிற ராக்கரைப் பிடிக்கிற நான்கு நட்டுகள் ஹெட் நட்டாகவும் இருப்பதால், ராக்கரை மட்டும் கழற்றுகிறேன் என்று அந்த நான்கை மட்டும் தளர்த்தக் கூடாதாம். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்.

ஹெட்டைத் தூக்கியதும் குட்டு வெளிப்பட்டது. புது ஸ்டட் என்றது பழைய ஸ்டட்தான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து ஆயில் தடவியிருக்கிறார்கள். பெரியவர் ஒரு புது நட்டை எடுத்து விரலாலேயே சுற்றிப் பார்த்தார். நல்ல ஸ்டட் என்றால் மரை முடிகிற வரைக்கும் விரலுக்கே ஓட வேண்டும். மூன்று ஸ்டட்டுகளில் நட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. இழுபட்டு நீண்ட ஸ்டட் அப்படித்தான் பிடிக்குமாம். ஒன்று கையோடு வந்துவிட்டது. பிளாக்கில் மரை போன ஓட்டையில் குழாய்க்காரர்கள் சுற்றுகிற டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் செருகி வைத்திருந்தார்கள்!

இன்னும் இரண்டை அடி தட்டும்வரை முறுக்கி இறக்கியிருந்தார்கள். ஸ்டட்டைப் பிளாக்கில் கை இறுக்கத்துக்கு மேல் இறுக்கக் கூடாது. ஹெட்டை அழுத்துகிற வேலை மேலே இருக்கிற நட்டுடையது. அடியில் போய்த் தட்டிய பிறகும் முறுக்கினால், ஓட்டையின் வாயைச் சுற்றி இரும்பு மெல்லிசாக மேலே எழும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பெரியவர் நேர்ப்பட்டையைப் பிளாக் மேல் வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தார். மேட்டுக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் கசிந்தது. அந்த இடத்தில் எந்தக் கேஸ்கெட் போட்டாலும் உட்காராது.

அப்படியானால் அந்த டிக் சத்தம்? நட்டைத் திருப்ப எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பதைத்தான் டார்க் ரெஞ்ச் சொல்லும். ஹெட் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நல்ல மரையிலேயே நாம் போடும் பலத்தில் சுமார் 10 சதவீதம்தான் ஸ்டட்டை இழுக்கப் போகும். மற்றதை உராய்வு தின்றுவிடும். துருப்பிடித்த மரை இன்னும் கூடவே தின்னும். டிக் சத்தம் ஒழுங்காக வரும், ஹெட்டில் பிடி இருக்காது.

மரை போன ஓட்டைக்காக எஞ்சினை இறக்கி லேத்துக்குக் கொண்டுபோய் மரை இன்சர்ட் (ஓட்டைக்குள் பொருத்துகிற புது மரை) போட வேண்டியதாயிற்று. எழும்பிய வாய்களை லேசாகச் சரித்து எடுத்தார்கள். எல்லா ஓட்டைக்கும் மரையைச் சுத்தம் செய்கிற டேப் கருவியை விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தார்கள். காயவைப்பதில் பெரியவர் ரொம்பக் கண்டிப்பு. அடி மூடிய ஓட்டையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கும்போது ஸ்டட்டை இறக்கினால், போக வழியில்லாமல் அது பிளாக்கையே வெடிக்க வைத்துவிடும். புது ஸ்டட்டுகளைக் கையாலேயே இறக்கினார். நட்டு மரையிலும் வாஷர் மேலும் ஆயில் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக இறுக்கினார். அதே மாதிரி டார்க் ரெஞ்ச்தான், அதே டிக் சத்தம்தான்.

ஹெட் வேலைக்கு விடுபவர்கள் இறுக்குகிற அன்று போய் நிற்பதில் பிரயோஜனம் இல்லை. அதற்கு முந்தின நாள், ஹெட் இல்லாமல் பிளாக் வெறுமனே இருக்கும்போது போங்கள். பழைய ஸ்டட்டுகளைக் கையில் கேட்டு வாங்குங்கள். உத்தரபாராவில் 2014-ல் அம்பாசடர் தயாரிப்பு நின்றதிலிருந்து பார்ட்ஸ் கிடைப்பதில்லை என்பார்கள். தேடினால் கிடைக்கிறது, எனக்குக் கிடைத்தது. பில்லில் ஒவ்வொரு பார்ட்ஸும் தனி வரியாக இருக்கட்டும். என் பில்லில் 'ஹெட் ஒர்க் 18,500' என்று ஒரே வரி. புது ஸ்டட் என்று சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்தில் எதுவும் இல்லை.

பழைய ஸ்டட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு முதல் ஒர்க் ஷாப்புக்குப் போனேன். அவர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு கேஸ்கெட் காசு என்று 3,000 ரூபாயை மேசை மேல் வைத்தார். ரெஞ்ச் அதே சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் கீழே வேறு யாருடைய காரோ நின்றது.

பெரியவர் வேலை முடித்த பிறகு வண்டி இப்போது 420 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 500 ஆனதும் எஞ்சின் ஆறியபின் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கி, டேப்பட் (வால்வு இடைவெளி) வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் பெரியவர்.