க்ரூகரா, எட்டோஷாவா, டிரக்கா? கையைக் கடிக்காத குழு சஃபாரி

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தெற்குப் பகுதிக்குக் குழுவாக சஃபாரி போக நினைப்பவர்கள் முதலில் எந்த நாடு என்றுதான் பேசத் தொடங்குகிறார்கள். எத்தனை பேர் போகிறோம், ஏற்கெனவே பழகியவர்களா என்பதை முதலில் முடிவு செய்வது நல்லது. வண்டி வாடகை, பெட்ரோல், குடில் எல்லாம் தலைக்கு எவ்வளவு விழும் என்பது அதில்தான் இருக்கிறது.

பழகிய நாலைந்து பேர் சேர்ந்துவிட்டால், தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் நாமே வண்டி ஓட்டிப் போவதற்கு ஈடு இல்லை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஐந்து மணி நேரம் போல ஆகும். முக்கியச் சாலைகள் தார் போட்டவை, சாதாரணக் கார் போதும், நம் ஊர் மாதிரியே இடப்பக்கம் ஓட்டலாம். வேக வரம்பு தார்ச் சாலையில் 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40. ஸ்குகூசா, லோயர் சாபி, சதாரா போன்ற கேம்ப்களைப் பூங்கா நிர்வாகமே நடத்துகிறது. கூடாரம் போட இடமும் உண்டு, குடும்பமாகத் தங்கக் குடிலும் உண்டு. பொதுச் சமையலறை, மளிகைக் கடை இருப்பதால் சமைத்தே சாப்பிட்டுக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணத்தில் மட்டும் மிச்சம் பிடிக்க முடியாது. வெளிநாட்டவர் தலைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் கட்ட வேண்டும்; உள்ளூர்க்காரர்கள் கட்டுவதைவிடப் பல மடங்கு அது.

பத்து இருக்கை வேன் மலிவு என்று தோன்றும். வேண்டாம். நடுவில் உட்கார்ந்தவருக்கு மரத்தில் படுத்திருக்கும் சிறுத்தை தெரியவே தெரியாது, குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கவும் கூடாது. ஆளுக்கொரு ஜன்னல் கிடைக்கிற மாதிரி இரண்டு கார் எடுங்கள். அதோடு ஒரு இரவுச் சவாரிக்கு மட்டும் கேம்ப் நடத்தும் திறந்த வண்டியில் காசு கட்டிப் போங்கள். மாலையில் கேம்ப் கேட் மூடிய பிறகு சொந்த வண்டி வெளியே போக முடியாது என்பதால், இந்தச் செலவு நியாயமானது.

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் விலங்குகளைத் தேடி அலைவதைவிடக் காத்திருப்பதே வழி. வறண்ட மாதங்களில் விலங்குகள் நீர்நிலைக்கு வந்தே ஆக வேண்டும். ஒகாகுவேயோ கேம்ப்பின் நீர்நிலைக்கு இரவு முழுக்க விளக்கு உண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கருப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம், தனிக் கட்டணம் கிடையாது. நாள் முழுக்கக் காரில் உட்கார முடியாத பெரியவர்கள் கூட வந்தால் நான் எட்டோஷாவைத்தான் சொல்வேன். ஆனால் காட்டெருமையும் நீர்யானையும் அங்கே இல்லை. விண்ட்ஹூக்கிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும், பூங்காவுக்குள் பெரும்பாலும் சரளைச் சாலைதான். மாற்று டயர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஒருவர் இருவராகப் போகிறவர்களுக்கு ஓவர்லேண்ட் டிரக். இருபது பேர் வரை ஏறும் பெரிய வண்டி. கேப் டவுனில் கிளம்பி நமீபியா, போட்ஸ்வானா வழியாக விக்டோரியா அருவிக்குப் போக மூன்று வாரம் போல ஆகும். கூடாரம் அடிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முறை வைத்து நாமே செய்ய வேண்டும். விளம்பரத்தில் போட்ட விலையோடு முடியாது. அங்கே போய் ரொக்கமாகக் கட்டும் தொகை, விருப்பச் சவாரிகள் என்று மேலே ஏறும், பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஒவ்வொரு பூங்காவிலும் ஓரிரு நாள்தான் நிறுத்துவார்கள் என்பது எனக்குப் பெரிய குறை. இருந்தாலும் போட்ஸ்வானாவில் ஆறு பரந்து விரியும் ஒகவாங்கோ டெல்டாவைக் குறைந்த செலவில் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. குறைந்த பயணிகள், அதிக விலை என்பதையே போட்ஸ்வானா கொள்கையாக வைத்திருக்கிறது. டிரக்கில் சேராமல் நாமே போனால் ஆழமான மணலில் ஓட்ட நான்கு சக்கர இழுவை (4x4) வண்டி வேண்டும். அது முடியாதென்றால் அந்நாட்டின் கசானே ஊரில் கூடாரம் போட்டு, மாலையில் சோபே ஆற்றில் படகில் போங்கள். யானைகள் நீந்தி ஆற்றைக் கடப்பதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

எங்கே போனாலும் மே முதல் செப்டம்பர் வரை நல்லது. புல் குட்டையாக இருக்கும், க்ரூகரில் மலேரியா அபாயமும் குறையும். குறையுமே தவிர இல்லாமல் போகாது, மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆறு பேர், ஒரு வாரம் என்றால் என் தேர்வு க்ரூகர்: லோயர் சாபியில் இரண்டு இரவு, சிங்கங்களுக்குப் பேர்போன சதாராவில் மூன்று. ஜூன், ஜூலை பள்ளி விடுமுறைக்கு உள்ளூர்க் குடும்பங்கள் குடில்களை முன்பே பிடித்துவிடும், அந்த வாரங்களைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள்.